படத்தில் இல்லாத பிள்ளை

போன மாதம் எங்கள் பழைய கந்தோரில் இப்போது வேலை செய்யும் இரண்டு பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தார்கள். பிரசாவுரிமைச் சான்றிதழ் இல்லாத ஒருவரின் விண்ணப்பம் அவர்களுடைய மேசைக்கு வந்திருக்கிறதாம். கணினியில் அந்தச் சான்றிதழின் இலக்கத்தைப் போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாதாம். "அந்த நாளையிலை இப்பிடி ஆக்கள் வந்தால் என்ன செய்தனீங்கள், அன்ரி?" என்று கேட்டார்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லக்கூடிய ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டேன். முழுப் பதில் இதுதான்.

நான் அரசாங்க எழுதுவினைஞராகச் சேர்ந்தது யாழ்ப்பாண மாவட்ட நிர்வாகக் கந்தோரான கச்சேரியின் காணிப் பகுதியில். உறுதிகளும் வரைபடங்களும் பார்த்தே பல வருஷம் போயிற்று. பண்டத்தரிப்பிலிருந்து பஸ் ஏறி வருவதும், பின்னேரம் திரும்பிப்போய் வெங்காயத் தறையில் கணவருக்குக் கைகொடுப்பதுமாக இருந்த காலம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரம் வந்தது. தெற்கிலிருந்து உடுத்த உடையோடு கப்பலில் வந்து இறங்கியவர்களும், இனி இந்த நாட்டில் இருக்க முடியாது என்று முடிவெடுத்தவர்களும் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினார்கள். அதுவரை ஒரு மூலையில் ஒரு மேசையும் ஒரு அலுமாரியுமாகக் கிடந்த கடவுச்சீட்டுப் பகுதிக்கு முன்னால் வரிசை கேற்றைத் தாண்டி றோட்டுக்குப் போனது. ஆள் போதாதென்று என்னையும் அங்கே மாற்றினார்கள்.

கடவுச்சீட்டு வழங்கும் அதிகாரம் எங்களிடம் இருக்கவில்லை. விண்ணப்பத்தைச் சரிபார்த்து, மூலப் பத்திரங்களைக் கண்டதாக ஒப்பமிட்டு, ஐயமிருந்தால் விசாரித்து, அறிக்கையோடு கொழும்புக்கு அனுப்புவதுதான் வேலை. இதில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். இந்த நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் பிரசை ஆகிவிட முடியாது. தகப்பன் பிரசை என்று காட்டவேண்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு அது பெரிய விஷயமில்லை. தகப்பனின் பிறப்புப் பத்திரத்தை நீட்டினால் முடிந்தது. மலைநாட்டுத் தோட்டத்துப் பிள்ளைகளால் அது முடியாது. அவர்களுடைய பாட்டன்மார் தேயிலைக்கென்று இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். சுதந்திரம் வந்த கையோடு அவர்களின் பிரசாவுரிமை போனது. பிறகு இரண்டு அரசாங்கங்களும் கூடியிருந்து, இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டன. இந்தப் பக்கத்துப் பங்கில் வந்தவருக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது. அந்தப் பக்கத்துப் பங்கில் வந்தவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு. இரண்டிலும் வராதவர்கள் எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

பகுதித் தலைவர் தில்லையம்பலம். கொடுமையான மனிதர் என்று அவருக்குப் பெயர். ஆனால் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வெள்ளை நீளக்கைச் சேட்டின் கைப்பொத்தானைச் சித்திரை வெயிலிலும் கழற்றமாட்டார். மேசைக்கு வரும் எவரையும் முதலில் இருக்கச் சொல்வார். பிறகு கோடு போடும் இரும்பு அடிமட்டம் ஒன்றை எடுத்து விண்ணப்பத்தின் முதல் வரிக்குக் கீழே வைத்து வாசிப்பார். ஒரு வரி சரியென்று கண்ட பிறகுதான் அடிமட்டம் அடுத்த வரிக்கு இறங்கும். "முடியாது" என்ற சொல் அவர் வாயில் வராது. "இன்னும் ஒண்டு குறையுது" என்பார். அந்த ஒன்றைக் கொண்டுவந்தால் மறுபடி முதல் வரியிலிருந்து வாசிப்பார். ஒருமுறை ஒரு வாத்தியார் பொறுமையிழந்து தன் விண்ணப்பத்தைக் கிழித்து எறிந்துவிட்டுப் போனார். தில்லையம்பலத்தார் எழுந்து துண்டுகளைப் பொறுக்கி, ஒட்டி, அவருடைய பத்திரக் கோவையில் வைத்தார். "நாளைக்கு வருவார்" என்றார். வாத்தியார் வந்தார்.

"ஏன் சேர் இவ்வளவு இறுக்கம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் இறுக்காமல் விட்டால் கொழும்பிலை இருக்கிறவன் இறுக்குவான், பிள்ளை. அவன்ரை மேசைக்கு முன்னாலை இந்தச் சனம் போய் நிண்டு கதைக்கேலாது. இஞ்சை எண்டால் எங்களோடை சண்டையாவது பிடிக்கலாம்."

ராமாயி சண்டை பிடிக்கவில்லை. அவள் முதன்முதல் வந்தது கலவரத்துக்கு இரண்டு வருஷம் கழித்து, ஒரு மழைநாளில். குருநகரிலிருந்து நடந்தே வந்திருந்தாள். இடுப்பில் ஒரு பெண்குழந்தை. குழந்தையின் பெயர் றீற்றா. மழை படாமல் சேலைக்குள் வைத்துக் கொண்டுவந்த காலாவதியான கடவுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதைப் புதுப்பிச்சுத் தாங்கோ, மிஸ். நான் திரும்பக் குவைத்துக்குப் போகவேணும்."

பேச்சு எங்கள் பேச்சுத்தான். விண்ணப்பத்தில் பிறந்த இடம் என்று ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயர் இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவளே சொன்னாள். பல்லு விழுகிற வயதில் ஒரு தரகர் தோட்டத்திலிருந்து அவளைக் கூட்டிவந்து மானிப்பாயில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டார். அந்த வீட்டில்தான் வளர்ந்தாள். தகப்பன் இரண்டொரு தடவை வந்து பார்த்ததாக ஞாபகம். தரகர் செத்த பிறகு அதுவும் நின்றது. வளர்ந்த பின் அந்த வீட்டுக்காரரின் உறவினர் ஒருவர் அவளைக் குவைத்துக்கு வீட்டுவேலைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். உத்தேச வயதுச் சான்றிதழ் ஒன்றும் வீட்டுக்காரரின் சத்தியக் கடதாசியும் கொடுத்து அப்போது கடவுச்சீட்டு எடுத்தார்கள். தகப்பனைப் பற்றி எவரும் கேட்கவில்லை. குவைத்தில் கூட வேலை செய்த குருநகர்ப் பெண் ஒருத்தியின் அண்ணனை ஊர் திரும்பியதும் மணமுடித்தாள். அவர் யோசேப்பு. கடலுக்குப் போன ஒரு காலை அவர் திரும்பி வரவில்லை. கடற்படைப் படகுகள் திரிந்த அந்த வருஷங்களில் கடலில் என்ன நடந்தது என்று யாரும் விசாரிக்கப் போனதில்லை.

தில்லையம்பலத்தார் அவளை இருத்தினார். அடிமட்டம் தகப்பன் பெயர் வரியில் வந்து நின்றது. கருப்பையா.

"கருப்பையா இப்ப எங்கை?"

"தெரியாது, சேர்."

"அவருக்கு இந்த நாட்டுப் பிரசாவுரிமை கிடைச்சதோ, இந்தியாவுக்கு எழுதினவரோ?"

"தெரியாது, சேர்."

"முந்திக் கேக்காமல் தந்திட்டாங்கள். இப்ப கேக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. உமக்கு இன்னும் ஒண்டு குறையுது, பிள்ளை. பிரசாவுரிமைச் சான்றிதழ்."

அதற்குப் பிறகு அவள் வந்துகொண்டே இருந்தாள். தோட்டத்துப் பதிவாளருக்கு எழுதினோம். அந்தப் பெயரில் பிறப்புப் பதிவு இல்லை என்று பதில் வந்தது. கணவன் வழியாகப் பதிய முடியுமா என்று எழுதினோம். விண்ணப்பகாரி எந்த நாட்டவர் என்று முதலில் காட்டவும் என்று பதில் வந்தது. மானிப்பாய் வீட்டுக்கு நானே ஒருநாள் அவளோடு போனேன். வீட்டுக்கார அம்மா எங்களை வாசலிலேயே வைத்துக் கதைத்தார். "நாங்கள் அவளைப் பிள்ளை மாதிரித்தான் வளத்தனாங்கள்" என்றார். எந்தப் பள்ளிக்கூடத்தில் விட்டீர்கள், பதிவு இடாப்பில் பெயர் இருந்தால் உதவும் என்றேன். ராமாயி என் கையைத் தொட்டு, "வாங்கோ போவம்" என்றாள். பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னாள், "என்னை ஒரு பள்ளிக்கூடத்திலையும் விடேல்லை, அக்கா." அன்றைக்குத்தான் மிஸ் என்பதை விட்டு அக்கா என்றாள்.

அவள் மீன் காயவைக்கும் இடத்தில் வேலை செய்து பிள்ளையை வளர்த்தாள். இந்திய ஆமி வந்தது. சண்டை நடந்தது. கந்தோர் மூடித் திறந்தது. அவளுடைய கோவை மட்டும் அலுமாரியில் அப்படியே இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் சட்டம் மாறியது. இந்திய வம்சாவளியில் வந்து எந்த நாட்டுப் பிரசாவுரிமையும் இல்லாதவர்களை இந்த நாட்டுப் பிரசையாக ஏற்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. தில்லையம்பலத்தார் அதையும் அடிமட்டம் வைத்தே வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் குருநகர்ப் பிள்ளைக்கு ஆள் அனுப்பு" என்றார்.

அவளுக்கு இன்னும் ஒன்று குறைந்தது. இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தவர்களுக்கும், அந்த விண்ணப்பத்தில் பிள்ளையாகப் பெயர் சேர்க்கப்பட்டவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. கருப்பையா விண்ணப்பித்திருந்தாரா, அதில் ராமாயியின் பெயரைப் போட்டாரா என்று தெரியவேண்டும். போட்டிருந்தால் அவள் இந்தியாவின் பங்கு. இங்கே ஒன்றும் செய்ய முடியாது. போடாமல் விட்டிருந்தால்தான் அவளுக்கு நாடு உண்டு. இதை நான்தான் அவளுக்கு விளங்கப்படுத்தினேன்.

"அப்ப அந்த மனுசன் என்னை மறந்திருந்தால் எனக்கு நல்லது. அப்பிடித்தானே, அக்கா?"

"ஓம்" என்றேன்.

அவரைத் தேடும் வழியை அவளே கண்டுபிடித்தாள். கலவரங்களில் எரிக்கப்பட்ட தோட்டங்களிலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் பல வன்னியில் குடியேறியிருந்தன. அங்கிருந்து கொடிகாமம் சந்தைக்கு லொறி வரும். மூட்டை இறக்குகிறவர்களில் மலைநாட்டு ஆட்கள் இருப்பார்கள். சந்தை கூடும் நாட்களில் ராமாயி கொடிகாமத்துக்குப் போய், ஒவ்வொரு லொறியாக, "நீங்கள் எந்தத் தோட்டம்?" என்று கேட்டாள். அவளுடைய பேச்சைக் கேட்டுச் சிலர் சிரித்தார்களாம், யாழ்ப்பாணத்து அம்மாவுக்குத் தோட்டத்தில் என்ன வேலை என்று. மாதக்கணக்காகக் கேட்டாள். ஒருநாள் ஒரு கிழவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் தோட்டத்துக் கருப்பையா கிளிநொச்சிப் பக்கம் ஒரு வயலில் காவல் இருக்கிறார் என்று சொன்னார்.

விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் அனுப்பினோம். அவர் வந்தார். மெலிந்த மனிதர். தோளில் ஒரு துவாய். வழியில் இந்திய ஆமியின் காவல் சென்றியில் பஸ்ஸிலிருந்து இறக்கி, யார் என்று கேட்டார்களாம். "நானும் ஒங்க நாடுதாங்கன்னு சொல்லலாமான்னு நெனைச்சேன், அம்மா. அப்புறம் பேசாம நின்னுட்டேன்" என்று என்னிடம் சொன்னார். அவரிடம் உண்மையிலேயே ஒரு காலத்தில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. தோட்டத்து லயத்து வீடு எரிந்தபோது அதுவும் எரிந்தது.

ராமாயி ஏற்கனவே அறைக்குள் இருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவர் அவளைக் கும்பிட்டார். கந்தோரில் வேலை செய்கிற ஒருத்தி என்று நினைத்திருக்கிறார். அது அவருடைய மகள் என்று நான் சொல்லவேண்டியதாயிற்று. அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு துவாயைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

தில்லையம்பலத்தார் இருவரையும் இருக்கச் சொன்னார். கருப்பையா கதிரையில் இருக்க மறுத்தார். "நீங்கள் இருக்காமல் நான் கேக்கமாட்டன்" என்றார் இவர். அவர் விளிம்பில் இருந்தார். நான் வாக்குமூலத்தை எழுதத் தயாரானேன்.

"பிள்ளை, நீர் கொஞ்சம் வெளியிலை நிக்கிறீரோ? நாங்கள் கேக்கிறது உமக்குக் கேக்க நல்லாயிராது" என்றார் ராமாயியிடம்.

"நான் இருக்கிறன், சேர். கேளுங்கோ."

அவர் வற்புறுத்தவில்லை.

"இந்தப் பிள்ளை உங்கடை மகளோ?"

"ஆமாங்க."

"இந்தியாவுக்குப் போக எழுதிக் குடுத்தனீங்களோ?"

"குடுத்தேங்க. தோட்டத்துச் சங்கத் தலைவர்தாங்க எழுதினாரு. நான் கைநாட்டு வச்சேன்."

"அதிலை ஆற்றை ஆற்றை பேர் போட்டது?"

"நானு, வீட்டுக்காரி, ரெண்டு பயலுக."

"ராமாயியின்ரை பேர்?"

கருப்பையா குனிந்தார். "போட்டோவுல பிள்ளை இல்லீங்களே ஐயா. எல்லாரும் ஒண்ணா நின்னு போட்டோ எடுக்கணும்னாங்க. இவ மானிப்பாயில இருந்தா. ஆளக் கூட்டிட்டு வர வழியில்ல."

"அது காரணம். நான் கேட்டது வேறை. போட்டதோ, போடேல்லையோ?"

"போடலைங்க."

"தலைவர் கேட்டவரோ, வேறை பிள்ளை இருக்கோ எண்டு?"

கருப்பையா கையிலிருந்த துவாயை மடித்தார். வெளியே யாரோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள்.

"கேட்டாருங்க."

"என்ன சொன்னனீங்கள்?"

"இல்லேன்னேன்."

தில்லையம்பலத்தார் பென்சிலை வைத்தார். "இதை நான் இன்னொருக்காக் கேக்கவேணும். கொழும்பிலை கேப்பாங்கள், மறந்து விட்டதோ, தெரிஞ்சு விட்டதோ எண்டு. மறந்துபோய் விட்டதெண்டால் பிறகு சேக்கலாம் எண்டு சொல்லுவாங்கள். தெரிஞ்சு விட்டிருந்தால்தான் இந்தப் பிள்ளை அந்த விண்ணப்பத்திலை இல்லை எண்டு முடிவாகும். யோசிச்சுச் சொல்லுங்கோ. உண்மையைத்தான் சொல்லவேணும்."

கருப்பையா முதல்முறையாக மகளை நேராகப் பார்த்தார்.

"தெரிஞ்சுதாங்க விட்டேன். அங்க போனா என்ன கெடைக்கும்னு எங்களுக்கே தெரியாது. இங்க இவ மூணு வேளையும் சாப்புடுறான்னு தரகர் சொன்னாரு. இருக்கட்டும்னு விட்டுட்டேன். இவ அம்மா ஒத்துக்கல. ரெண்டு நாள் சோறு திங்கல. நான்தாங்க விட்டேன்."

என் பேனா ஓடிக்கொண்டிருந்தது. ராமாயியின் முகத்தை நான் பார்க்கவில்லை. தில்லையம்பலத்தார் நான் எழுதியதை வாங்கி, அடிமட்டம் வைத்து, உரத்து வாசித்தார். "தெரிந்தே விட்டேன்" என்ற வரியை வாசித்துவிட்டு, "சொன்னது இதுதானே?" என்று கேட்டார். கருப்பையா "ஆமாங்க" என்று பெருவிரலை நீட்டினார்.

"இதைக் காட்டக்கூடியதா ஏதும் கிடக்கோ?"

அவர் மடியிலிருந்து பொலித்தீன் பை ஒன்றை எடுத்தார். உள்ளே ஒரு பழைய புகைப்படம், பின்பக்கத்தில் ஒரு இறப்பர் முத்திரையும் இலக்கமும். விண்ணப்பத்துக்கு எடுத்த படத்தின் மற்றப் பிரதி. வீடு எரிந்தபோது அது அவருடைய சட்டைப் பையில் இருந்திருக்கிறது. கருப்பையா, பக்கத்தில் ஒரு பெண், முன்னால் இரண்டு பொடியன்கள். பொடியன்கள் பிறகு சித்தப்பன் குடும்பத்தோடு கப்பலேறிப் போய்விட்டார்கள். அந்தப் பெண் வன்னிக்கு வந்த முதல் வருஷமே காய்ச்சலில் செத்துப்போனாள்.

தில்லையம்பலத்தார் படத்தைப் பார்த்து, முத்திரை இலக்கத்தைக் குறித்துக்கொண்டார். ராமாயி கையை நீட்டினாள். அவர் கொடுத்தார்.

"இது அம்மாவோ?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. கருப்பையா தலையாட்டினார்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். "எனக்கு முகம் மறந்துபோச்சுது" என்றாள். பிறகு, "இது எனக்குக் கிடைக்குமோ, சேர்?"

"இது கோவையோடை கொழும்புக்குப் போகவேணும், பிள்ளை. இதுதான் உமக்கு இருக்கிற ஒரே அத்தாட்சி."

அவள் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் தில்லையம்பலத்தார் கந்தோருக்குப் பிந்தி வந்தார். எனக்குத் தெரிந்து அவர் பிந்தியது அந்த ஒருநாள்தான். ஸ்ரான்லி வீதியில் ஒரு ஸ்ரூடியோவில் நின்று, அந்தப் படத்தைத் திரும்பப் படமெடுப்பித்து, தாயின் முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரச் சொல்லிவிட்டு வந்திருந்தார். "அவள் வந்தால் குடு. நான் எண்டு சொல்லத் தேவையில்லை" என்று, படம் கிடைத்த அன்று என் மேசையில் ஒரு உறையை வைத்தார். கொடுக்கும்போது நான் சொல்லிவிட்டேன். அவள் அவருடைய அறை வாசலில் போய் நின்றாள். அவர் விண்ணப்பம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

சான்றிதழ் வந்தது. ராமாயி கொழும்புக்குப் போய்ப் புதிய கடவுச்சீட்டு எடுத்தாள். இந்திய ஆமி போய், இயக்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் சண்டை இல்லாமல் இருந்த அந்தச் சில மாதங்களில் எல்லாம் நடந்து முடிந்தது. கருப்பையாவை அவள் வன்னிக்குத் திருப்பி அனுப்பவில்லை. விசாரணையன்றே குருநகருக்குக் கூட்டிப்போய்விட்டாள். அன்பினால் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்ற கேள்விக்கு அவளிடம் வேறு பதில் இருக்கவில்லை. பயணம் சொல்ல வந்தபோது சொன்னாள்:

"அந்த மனுசனோடை நான் இன்னும் முகம் குடுத்துக் கதைக்கேல்லை, அக்கா. ஆனால் இனி என்னெண்டு குறை சொல்லுறது? நானும் விட்டிட்டுத்தான் போறன்."

அவள் போய்ச் சில வாரங்களில் இங்கே மறுபடி சண்டை தொடங்கியது. பாதை மூடியது. தபால் நின்றது. அதே கோடையில் குவைத்துக்குள் ஈராக்கியப் படை புகுந்த செய்தியை வானொலியில் கேட்டோம். தில்லையம்பலத்தார் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். என்னைச் சந்தையில் கண்டபோது, "அந்தப் பிள்ளையின்ரை செய்தி ஏதும்?" என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டு மழைக்காலத்துக்குள் அவர் காலமாகிவிட்டார்.

அந்தக் கோடையிலேயே யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்ததால் குருநகர்ச் சனம் இடம்பெயர்ந்தது. ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுப் படலையில் கருப்பையா நின்றார். பண்டத்தரிப்புச் சந்தியில் கச்சேரியில் வேலை செய்கிற அம்மா வீடு எது என்று கேட்டு வந்திருக்கிறார். பக்கத்தில் றீற்றா. கால் முழுக்கப் புழுதி.

"அம்மா, இந்தப் புள்ளைய ஒங்க வீட்டுல வச்சுக்கங்க" என்றார். "கூட்டும், தண்ணி அள்ளும், பாத்திரம் கழுவும். சோறு மட்டும் போட்டாப் போதும். நான் எங்கயாச்சும் கெடந்துக்கிறேன்."

என் கணவர் கிணற்றடியிலிருந்து வந்து, "வேலைக்குப் பிள்ளை எடுக்கிற வீடில்லை இது. ரெண்டு பேரும் உள்ளுக்கு வாங்கோ" என்றார்.

புகையிலை காயவைக்கும் குடிலைத் துப்புரவாக்கி அவர்களுக்குக் கொடுத்தோம். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பானையில்தான். பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். ஆனால் ஒவ்வொரு விடியலிலும் முற்றத்தில் விளக்குமாற்றின் சத்தம் கேட்கும். கிழவர் றீற்றாவை எழுப்பிக் கூட்டவிடுவார்.

"வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொல்லுறது, ஐயா?"

"சும்மா இருந்தாத் தொரத்திருவாங்க, அம்மா."

"நாங்கள் துரத்தமாட்டம்."

"அப்புடித்தான் சொல்லுவாங்க" என்றார், கோபமில்லாமல், நடப்பைச் சொல்வதுபோல.

மாரி தொடங்கியபோது அவருக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. மருந்துகள் வராத காலம். ஆசுபத்திரியில் இருந்ததைக் கொடுத்தார்கள்; போதவில்லை. கடைசி இரண்டு நாளும் யாரையோ லயத்து வாசலில் நிற்கச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார். என் கணவர் கொள்ளி வைத்தார். அதற்குப் பிறகும் றீற்றா விடியலில் எழுந்து முற்றம் கூட்டினாள். நான் வேண்டாம் என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். அந்தப் பிள்ளைக்குத் தாத்தாவிடமிருந்து மிச்சமாக அது ஒன்றுதான் இருந்தது என்று நினைத்தேன்.

ராமாயி உயிரோடு இருந்தாள். பாலைவனத்தில் ஒரு முகாமில் கிடந்து, விமானத்தில் கொழும்புக்கு அனுப்பப்பட்டு, அங்கே வீட்டுவேலை செய்து, பாதை ஓரளவு திறந்தபோது நீரேரியைப் படகில் கடந்து வந்தாள். அத்தனை பாடுபட்டு எடுத்த கடவுச்சீட்டு குவைத்து வீட்டு எசமானின் அலுமாரிக்குள் பூட்டுண்டு போயிருந்தது. பிறகு அவளுக்கு இன்னொன்று எடுத்துக் கொடுத்தோம். சான்றிதழ் இருந்ததால் ஒரு மாதிரிச் சுலபமாக முடிந்தது. தொண்ணூற்றைந்து இடப்பெயர்வுக்கு முந்தின வருஷம் தாயும் மகளும் கொழும்புக்குப் போனார்கள். பிறகு எனக்குத் தொடர்பில்லை. ஆனால் அவள் படகில் வந்து இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்த அந்தக் காலையைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது.

இன்னும் வெயில் ஏறவில்லை. நான் குசினிக்குள் இருந்தேன். படலை திறக்கும் சத்தம் கேட்டது; அதோடு விளக்குமாற்றின் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். படலைக்கு உள்ளே ஒரு பையோடு ராமாயி. நரைத்திருந்தாள். முற்றத்தின் நடுவில் றீற்றா, கையில் விளக்குமாறு. பிள்ளை தாயை உடனே அடையாளம் காணவில்லை.

"அதைக் கீழை வை" என்றாள் ராமாயி.

நான் ஓடிப்போனேன். "ராமாயி, நாங்கள் இவளை வேலைக்கு வைக்கேல்லை. அவர்தான்..." என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வந்ததை, பள்ளிக்கூடத்தை, காய்ச்சலை, இறந்ததை. றீற்றா இதற்குள் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராமாயி எல்லாவற்றையும் கேட்டாள். தலையாட்டினாள்.

"எனக்குத் தெரியும், அக்கா" என்றாள். "நீங்கள் அப்பிடிச் செய்யமாட்டீங்கள்."

பையைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, விழுந்து கிடந்த விளக்குமாற்றை எடுத்தாள். றீற்றா விட்ட இடத்தில் தொடங்காமல், கிணற்றடிக்குப் போய், அங்கிருந்து படலை வரைக்கும் முற்றம் முழுவதையும் முதலிலிருந்து கூட்டினாள். நான் தடுக்கப்போனேன்.

"விடுங்கோ, அக்கா" என்றாள், நிமிராமலே. "இதை அவள் கூட்டினதா இருக்கவேண்டாம். நான் கூட்டினதா இருக்கட்டும்."